கில்தார்தோ திருப்பி எடுத்த நான்கு கொட்டைகள்

காப்பிப் பழத்தைக் குறைந்த தண்ணீரில் கழுவும் இயந்திரம் ஒன்றைக் கில்தார்தோ கண்டுபிடித்து, அதற்குக் காப்புரிமையும் வாங்கியிருந்தார். மெதெயின் நகரத்தில் இருக்கும் ஒரு பெரிய கம்பெனி அதை அப்படியே பார்த்துச் செய்து விற்க ஆரம்பித்தது. மனிசாலெஸ் ஊரில் இருக்கும் என் அலுவலகத்துக்கு வந்தவர் நாற்காலியில் உட்காரக்கூட இல்லை.

“கேஸ் போடுங்க வக்கீலம்மா. அவனுங்களைச் சும்மா விடக்கூடாது.”

நோட்டீஸ் அனுப்பினேன். பத்தே நாளில் பதில் வந்தது. பதினெட்டுக் கோடி பெசோ தருகிறோம், பேசி முடித்துக்கொள்ளலாம் என்று. கில்தார்தோ பாதிக் கடிதத்திலேயே மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். “பிச்சை போடுறானுங்களா?”

அவர் மனைவி நூபியா பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார். கில்தார்தோவின் பட்டறைக்கு மேல் மாடியில் வீடு. பீன்ஸும் சோறும் வறுத்த வாழைப்பழமும் சாப்பிட்டு முடித்ததும், மேசையைத் துடைத்துவிட்டு இரண்டு சாஸரும் ஒரு பிடி காப்பிக் கொட்டையும் கொண்டுவந்து வைத்தார்.

“கோபத்தை அந்தப் பக்கம் வை கிழவா. வக்கீலம்மா, ஜெயிச்சா எவ்வளவு கிடைக்கும்?”

“அறுபது கோடி வரைக்கும்.”

“செலவு?”

“ஜெயிச்சாலும் தோத்தாலும் பதினொரு கோடி. நாலு வருஷம் இழுக்கும்.”

“ஜெயிக்க வாய்ப்பு?”

“பத்துக்குப் பத்து!” என்றார் கில்தார்தோ.

“உன்னையா கேட்டேன்?”

இரண்டு கண்டம் தாண்ட வேண்டும் என்று சொன்னேன். முதலில், காப்புரிமையே செல்லாது என்று அவர்கள் வாதாடுவார்கள். அது நிற்க வேண்டும். அப்புறம், அவர்கள் செய்தது இதன் நகல்தான் என்று நாம் நிரூபிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு ஏழு கொடுக்கலாம்.

நூபியா சாஸருக்கு ஏழு கொட்டைகளாகப் போட்டார். “ஏழேழு நாப்பத்தொன்பது. நூத்துக்கு நாப்பத்தொன்பது. பாதின்னே வையி. அறுபதுல பாதி முப்பது. செலவு போக பத்தொன்பது. அவங்க குடுக்கறது பதினெட்டு.” கணவரை நிமிர்ந்து பார்த்தார். “ரெண்டும் ஒண்ணுதான். உனக்குச் சண்டை போடணும்னா போடு. நானும் கோர்ட்டுக்கு வர்றேன்.”

மனிதர் துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தேன். அவர் முதல் சாஸரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை நீட்டி, அதிலிருந்து நான்கு கொட்டைகளைத் திருப்பி எடுத்துக்கொண்டார்.

“என்ன பண்ற?” என்றார் நூபியா.

“சின்சினா ஊர்க் கண்காட்சியில அந்த மெஷினை எல்லார் முன்னாடியும் திறந்து காட்டினேன். காப்பி விவசாயிகள் சங்கத்துப் பத்திரிகையில படத்தோட போட்டாங்க.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வெளியில் காட்டினால் ஒரு வருடத்துக்குள் காப்புரிமைக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். “எத்தனை மாசம் கழிச்சு விண்ணப்பிச்சீங்க?”

“பதினாலு.”

“நான் யாராவது பார்த்தாங்களான்னு கேட்டப்போ, யாருமில்லேன்னு சொன்னீங்களே!”

நூபியா விரல் விட்டு மாதங்களை எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணிய விரல் பாதியில் நின்றது.

“அப்போ நான் பெரெய்ரா ஆஸ்பத்திரியில இருந்தேன்.”

“ரெண்டு மாசம்,” என்றார் கில்தார்தோ.

“நாள் தப்புதுன்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியும். எனக்கு அங்க வேலை இருந்துச்சு.”

“என்ன பெரிய வேலை? நாள் பூரா என் கட்டில் பக்கத்துல குறட்டை விட்டதா?”

“அதான்.”

நூபியாவின் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் திட்டுவதை நிறுத்தவில்லை. “மடையா, இத்தனை வருஷமா ஏன் சொல்லல?”

“சொன்னா என்னாலதான் போச்சுன்னு நீ அழுவ. இப்போ பாரு.”

மேசைத் துணியின் நுனியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நூபியா கணக்கைத் திரும்பப் போட்டார். முதல் கண்டத்துக்கு மூன்று, இரண்டாவதுக்கு ஏழு. நூற்றுக்கு இருபத்தொன்று. செலவு போனால் கையில் நிற்பது ஒன்றரைக் கோடி சொச்சம். வழக்கு என்று வந்துவிட்டால் அந்தப் பத்திரிகையைத் தேடி எடுக்க அவர்களுக்கு ஒரு வாரம் போதும்.

“குடுக்கறதை வாங்கிக்கலாம்,” என்றார் கில்தார்தோ. கையிலிருந்த கொட்டைகளை மேசையில் வைத்துவிட்டு, “ஆனா பழம் கழுவ அவங்க மெஷினுக்குள்ள வைக்கிற உருளை ஆறு மாசத்துல விரிசல் விடும். அதைப் பாத்துக்கிட்டு என்னால சும்மா இருக்க முடியாது,” என்றார்.

அதையே பேச்சுவார்த்தையில் வைத்தேன். பதினாறு கோடி, அதோடு மூன்று வருடத்துக்கு அவர்களுடைய எல்லா உருளைகளையும் கில்தார்தோவின் பட்டறையில்தான் செய்ய வேண்டும். கம்பெனிக்காரர்கள் ஒரே நாளில் கையெழுத்துப் போட்டார்கள். விரிசல் விட்ட உருளைகள் அதற்குள்ளேயே அவர்களிடம் திரும்பி வர ஆரம்பித்திருந்தன.

போன மாதம் பட்டறைக்குப் போயிருந்தேன். கம்பெனியின் இன்ஜினியர் லூசெலி உருளைகளைச் சரிபார்க்க வந்திருந்தாள். கில்தார்தோவின் இயந்திரத்தைப் பார்த்து கம்பெனிக்கு நகல் வரைந்து கொடுத்ததே அவள்தான். கில்தார்தோ வெல்டிங் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, “வாம்மா திருடி, சாப்பிட்டியா?” என்றார்.

“இல்ல ஐயா. நூபியாம்மா இன்னைக்கு என்ன செஞ்சிருக்காங்க?” என்று கேட்டுக்கொண்டே அவள் மாடிப்படி ஏறினாள்.