தண்டவாளத்தில் உட்கார்ந்த மாப்பிள்ளை

1

மானுடத்தின் விடுதலை எப்போதும் சிறை வாசலில்தான் தொடங்குகிறது.

இந்த வரியை எழுதிவிட்டு ஒரு வாரம் அதை நானே மெச்சிக்கொண்டு திரிந்தேன். பிறகுதான் ஷேக் தாவூது சிறைக்கே போகவில்லை என்பது நினைவுக்கு வந்தது. ஸ்ரீரங்கத்தில் ஒரு லாக்கப், ஓர் இரவு. மறுநாள் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வரியை அடிக்க மனம் வரவில்லை. இருக்கட்டும். கதைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கதை எனக்குக் கிடைத்தது முசிறி பஸ்ஸில். முன் சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். கதை முடிவதற்குள் ஜீயபுரம் வந்துவிட்டது. இறங்கிப் போய்விட்டார்கள். டிக்கெட் முசிறிக்கு எடுத்திருந்ததால் நான் இறங்கவில்லை.

2

முதல் தொடக்கம்: 'நசீரா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி தான் அறிந்த கடலை' — இல்லை. திருச்சியில் கடல் ஏது? அவள் கடலைப் பார்த்ததே கிடையாது. பார்ப்பதற்குத்தான் இத்தனை பாடு.

இரண்டாம் தொடக்கம்: 'ஐம்பத்து மூன்றாம் ஆண்டு, நாடே கொந்தளித்துக்' — கொந்தளித்தது நாடு அல்ல. அது கடைசியில் தெரியும்.

3

நேராகவே சொல்லிவிடுகிறேன். ஐம்பத்து மூன்றில் ஸ்ரீரங்கம் ஸ்டேஷனுக்கு அப்பால் ஒரு ரயில் மறியல். குடைக் கடையில் வேலை பார்த்த ஷேக் தாவூது அந்தக் காலை நேரத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்திருந்தார். போலீஸ் எல்லோரையும் சேர்த்து அள்ளி வேனில் போட்டது. மறுநாள் வெளியே வந்தபோது யாரோ மாலை போட்டார்கள், யாரோ போட்டோ எடுத்தார்கள்.

அந்தப் போட்டோவைப் பார்த்துத்தான் பெரிய கடை வீதி அத்தர் வியாபாரி கியாசுதீன் தன் மகள் நசீராவை அவருக்குக் கட்டிக் கொடுத்தார். உள்ளே போய் வந்தவர்களெல்லாம் மேடையேறிய காலம் அது. பக்கத்து வீட்டு மருமகன் மில்லில் கிளார்க். எதிர்வீட்டு மருமகன் கார் வைத்திருந்தான். கியாசுதீனின் மருமகன் தியாகி. (ஓரிரவு லாக்கப், நிக்காஹ் பந்தலில் ஒரு வாரமானது. பிறகு பெருநாளுக்குப் பெருநாள் வளர்ந்து மூன்று மாதக் கடுங்காவலில் வந்து நின்றது.)

மறு வருஷம் தாவூது பினாங்குக்குத் துணிக்கடை வேலைக்குப் போனார். ஐம்பத்தொன்பதில் மனைவியை அழைத்துக்கொள்ள அங்குள்ள குடியேற்ற அலுவலகத்தில் விண்ணப்பம் போட்டார். முன்பு கைதானதுண்டா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று எழுதினார். தான் கைதானதை ஒரு கைதாக அவர் நினைத்ததே இல்லை.

4

அதைச் சரிபார்க்கச் சொல்லி பினாங்கிலிருந்து தாள் வர, கியாசுதீன் வீட்டுக்கு விசாரணைக்கு வந்த ஏட்டு வீரமலைக்கு முறுக்கு மீசை வைத்து ஒரு பக்கம் எழுதினேன். பஸ்ஸில் கேட்டது அப்படியில்லை. காலில் ஆணி, பூட்ஸைக் கழற்றிவிட்டு உட்கார்ந்த மனிதர்.

"மாப்பிள்ளை எப்படிங்க? கேஸ் கீஸ் ஏதாச்சும்?"

"என்ன ஏட்டையா இப்படிக் கேட்டுப்புட்டீங்க? கேஸ் இல்லாமயா? தண்டவாளத்துல தலைய வச்சவருங்க. மூணு மாசம் கடுங்காவல்."

"நிச்சயமா எழுதட்டுங்களா?"

"கொட்டை எழுத்துல எழுதுங்க."

வீரமலை எழுதினார். மருமகனின் 'இல்லை'யும் மாமனாரின் 'மூன்று மாத'மும் பினாங்கில் ஒரே மேஜையில் சந்தித்துக்கொண்டன. பொய் சொன்ன கிளர்ச்சிக்காரரின் மனைவிக்கு அனுமதி இல்லை என்று பதில் வந்தது. தாவூது கெஞ்சிப் பார்த்ததில் இன்னொரு முறை விசாரிக்கச் சம்மதித்தார்கள். நெடுநாள் பிரிந்திருக்கும் மனைவிகளுக்கு அந்த ஊர்க் கதவையே சாத்தப்போவதாகக் கடைவீதியில் பேச்சு. இதை விட்டால் நசீராவுக்கு வேறு வழியில்லை.

5

தாவூது அன்று எதற்காக அங்கே உட்கார்ந்தார் என்பது நசீராவுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அவரே சொன்னார். அம்மா வந்து கதவைத் தட்டும் வரை அவள் சிரித்தாள். அவர்கள் சேர்ந்து வாழ்ந்த கொஞ்ச நாளில் நல்ல நாள் என்றால் அதுதான்.

"அத்தா, அவங்க மறியலுக்குப் போகலைன்னு சொல்லிடுங்க."

"மூணு மாசம்னு நானே சொல்லியிருக்கேன். இப்ப மாத்துறதா?"

"நெசம் உங்களுக்கும் தெரியும்ல. பொண்ணு பாக்க வந்தன்னைக்கே அவங்க உங்ககிட்டச் சொன்னாங்களாமே."

"சொன்னாரு. நான் காதுல வாங்கிக்கலை." அத்தர் புட்டியின் மூடியைத் திருகிக்கொண்டே கியாசுதீன் சொன்னார்: "அதை வெளியில சொல்லிட்டு நான் எந்த மூஞ்சியோட பள்ளிவாசலுக்குப் போவேன்?"

"நான் எந்த வயசுல அத்தா பினாங்கு போவேன்?"

(இங்கே ஓர் உவமை இருந்தது. எடுத்துவிட்டேன். அவளுக்கு முப்பதாகப்போகிறது என்பதே போதும்.)

6

வீரமலை மறுபடி வந்தார். வேடிக்கை பார்க்க வந்த கடைக்காரர்கள் முன்கூடத்தில் நிறைந்திருந்தார்கள். எல்லோருக்கும் மேலே மாலையோடு போட்டோ. நசீரா கதவுத் திரைக்குப் பின்னால் நின்றாள்.

"தண்டவாளத்துல உக்காந்திருந்தாரா, இல்லியாம்மா?"

"இருந்தாங்க."

"மறியலுக்குத்தானே?"

"இல்லீங்க."

"பின்ன எதுக்கு?"

கியாசுதீன் இருமினார். திரை அசையவில்லை.

ஜீயபுரம் வந்தது இந்த இடத்தில்தான்.

7

நானாகச் சில முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

அவள் சொல்லிவிடுகிறாள். கூடம் சிரிக்கிறது. கியாசுதீன் எழுந்து உள்ளே போய்விடுகிறார். இதைச் சர்க்கார் தாளில் எப்படி எழுதுவதென்று வீரமலைக்கு விளங்கவில்லை. 'விசாரணையில் தெளிவில்லை' என்று எழுதி பூட்ஸை மாட்டிக்கொள்கிறார்.

அவள் சொல்லவில்லை. வீரமலை எழுதுவது அதே வரி.

மூன்றாவது: 'கப்பல் கரையைத் தொட்டபோது நசீரா தன் கணவரின் முகத்தைக் கூட்டத்தில்' — எத்தனை முறை எழுதினாலும் இது இதற்கு மேல் நகரவில்லை.

ஆகவே உங்களிடம் விடுகிறேன். உங்களுக்குப் பிடித்த முடிவை எழுதிக்கொள்ளுங்கள். ஒரே நிபந்தனை, நீங்களும் அந்தத் திரைக்குப் பின்னால் நின்று, பெற்ற தகப்பனும் கடைவீதியும் கேட்க, இதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

அன்று காலை ஷேக் தாவூதுக்கு வயிற்றுப்போக்கு. வாழைத்தோப்பு வரை தாங்கவில்லை.