கிழங்கின் முதுகு

ஐரிஸ் பூச்செடியின் கிழங்குகளைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தபோதே அக்கா சொன்னாள்.

"ஐரிஸ் ஒண்ணும் உருளைக்கிழங்கு இல்லடி. இதோட முதுகு வெளிய தெரியணும், வெயில் படணும். முழுசா மூடினா இலைதான் வரும், பூ வராது. முதல் வருஷம் எதையும் எதிர்பார்க்காதே. ரெண்டாவது வருஷம் பூக்கும். உனக்குத்தான் பொறுமைன்னா என்னன்னே தெரியாதே!"

அவள் சொன்னபடியே நட்டேன். வாசல் சுவரோரம் ஐந்து கிழங்குகள், வாத்துகள் தண்ணீரில் மிதப்பது போல, முதுகு வெளியே தெரிய.

நான் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறவள். வாரம் முழுக்க அடுத்தவர்களின் போர்வையோடு மல்லுக்கட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மண்ணில் கை வைத்தால்தான் எனக்கு மனுஷி என்ற நினைப்பே வரும். களை பிடுங்குவேன், புது இலையை எண்ணுவேன். இடுப்பு வலி எங்கே போனதென்றே தெரியாது.

முதல் வருஷம் பூக்கவில்லை. சரி என்று விட்டேன். இரண்டாவது வருஷம் அக்கா வீட்டு வாசல் ஊதாவாக நிறைந்து கிடந்தது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். என் வாசலிலோ வெறும் இலை. கிழங்குகள் மண்ணுக்குள் இறங்கியிருந்ததைக் கவனித்தேன்தான். வேர் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டது, நல்லதுதான் என்று நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். மடச்சி.

வயிறு எரிந்தது. நேரே அக்கா வீட்டுக்குப் போய், தெருவே கேட்கும்படி கத்தினேன்.

"நல்லதையெல்லாம் நீ வச்சுக்கிட்டு, ஒண்ணுக்கும் உதவாததை என் தலையில கட்டிட்டே! சின்ன வயசுலேர்ந்தே நீ இப்படித்தான்!"

அக்கா கையிலிருந்த பூவாளியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது. மூன்று தெரு தள்ளி இருந்தும் அந்தப் பக்கம் நான் எட்டிப் பார்க்கவில்லை.

அந்த மழைக்காலத்தில் என் வீட்டுக்காரர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். முப்பது வருஷம் கொத்தனார். ஓய்வு பெற்று வீட்டில் இருந்தாலும் எதுவும் மேடுபள்ளமாக இருந்தால் அவருக்குத் தூக்கம் வராது. அதனால்தான், தரை சமமா என்று வைத்துப் பார்க்கும் ரசமட்டத்தின் பேரையே அவருக்கு நான் வைத்திருந்தேன். மாதக்கணக்கில் படுக்கையிலேயே கிடந்தார்.

குளிர் விட்டதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கதவைத் திறந்தேன். ஐரிஸ் பூத்திருந்தது! மழையில் மண் கரைந்து, ஐந்து முதுகும் வெளியே தெரிந்தன.

"ஏங்க, பூத்திருச்சுங்க!" என்று உள்ளே ஓடினேன்.

அவர் முகம் மலர்ந்தது. "பின்னே? ரெண்டு வருஷம் நான் பாத்த பாடு! நீ வேலைக்குப் போனதும் வாராவாரம் மண்ணு போட்டு, கொத்துக்கரண்டியால தட்டி, சமமா மூடி வைப்பேன். பாவம், கிழங்கு வெளிய கிடந்து காயுதேன்னு. நீதான் அதைக் கவனிக்கவே மாட்டியே."

நோயாளியை என்ன சொல்வது? ஒரு பூவை நறுக்கி எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு நடந்தேன்.

அங்கே தோட்டமே இல்லை. வாசல் முழுக்க சிமெண்ட் தரை. ஒரு மேடு பள்ளம் கிடையாது. யார் கை என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

அக்கா கதவருகே நின்றாள். இளைத்திருந்தாள். "உன் வீட்டுக்காரர்தான் விழுறதுக்கு முன்னாடி தரை போட்டுக் குடுத்தார். உன்கிட்ட சொல்ல வேணாம்னு நான்தான் சொன்னேன். நீ கத்திட்டுப் போன அன்னைக்கே எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டுட்டேன். அதைப் பாக்கப் பாக்க எனக்கு ஆறல."

நடந்ததை எல்லாம் சொல்லி அழுதேன்.

"கத்துறதுக்குப் பதிலா, ஒரு தடவை வந்து பாருன்னு கூப்பிட்டிருக்கலாமேடி. பாத்த உடனே சொல்லியிருப்பேனே."

"தப்புதான்க்கா. பூத்து முடிஞ்சதும் பிரிச்சுத் தர்றேன். உன் கிழங்குதானே."

"எனக்கு அறுபத்தெட்டு ஆச்சு. நட்டு ரெண்டு வருஷம் காத்துக்கிட்டிருக்க என்னால முடியாது. வேணாம், போ."

பூவை மட்டும் வாங்கிக்கொண்டாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். அறைந்து சாத்தியிருந்தால்கூடத் தேவலை.

பூக்கள் உதிர்ந்தபின் கிழங்குகளைப் பிரித்தேன். மூன்றை ஓர் அகலமான பழைய தொட்டியில், முதுகு வெளியே தெரிய நட்டேன். ஊன்றுகோலோடு வெளியே வந்த ரசமட்டத்தின் கண் நேரே அதன்மேல்தான் போனது.

"இதுல கை வச்சீங்க, நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

"சரி, சரி. யாருக்கு இது?"

"அக்காவுக்கு."

"அவங்கதான் வேணாம்னுட்டாங்களே."

"பூக்க இன்னும் ரெண்டு வருஷம் இருக்குல்ல, அதுவரைக்கும் நான் காத்துக்கிட்டிருக்கேன்," என்றேன்.