ஆறாம் நம்பர் குழாய்

...தும்மல்தானே அது, தூசிக்கு யாருக்குத்தான் தும்மல் வராது, என்று ராஜேஸ்வரி மூன்று நாளாகத் தனக்குத்தானே சொல்லிப் பார்க்கிறாள், ஆனால் செட்டுக்குள் நுழைந்தால் மூவாயிரம் பிராய்லர் கோழிகளும் கர்... கர்... என்று மூச்சிழுக்கிற சத்தத்தில் அந்தச் சமாதானம் நிற்க மாட்டேன் என்கிறது. காலையில் முப்பத்தெட்டு செத்தது, இப்போது மறுபடியும் பன்னிரண்டு, கழுத்தை முறுக்கிக்கொண்டு. வாளியில் பொறுக்கிப் போடும்போதே நினைப்பெல்லாம் இடுப்பில் செருகிய போனில். கால்நடை டாக்டர் அனுசியா மத்தியானத்துக்குள் சொல்கிறேன் என்றார்கள், மத்தியானம் என்றால் எத்தனை மணிவரைக்கும் மத்தியானம்? ராணிக்கெட் என்கிற வெள்ளைக்கழிச்சலா, வேறு ஏதும் சளி நோயா, கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, பிசிஆர் பார்க்கணும் என்று, நேற்றுக் காலையில் வந்து, கொரோனாவில் மனுசருக்கு எடுத்த மாதிரியே கோழித் தொண்டைக்குள் குச்சியை விட்டு ஐந்து குழாயில் எடுத்தார்கள். ஆறாவது குழாயை அவள் கையில் கொடுத்து, "சாயங்காலம் புதுசா ஏதும் தும்முச்சுன்னா நீங்களே எடுத்து ஐஸ்ல வைங்க, ராத்திரி ஆள் வந்து வாங்கிக்குவாங்க" என்றார்கள். அவ்வளவு நம்பிக்கை.

புதிதாகத் தும்மியது நிஜம்தான், பொய் இல்லை. ஆனால் தும்மியது செட்டில் இல்லை, வீட்டுக்குப் பின்னால், பஞ்சாரக் கூடைக்குள். கருப்பசாமிக்கு நேர்ந்துவிட்ட சேவல். குஞ்சு கொடுக்கிற கம்பெனியோ வீட்டில் வேறு கோழி ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று எழுதி வாங்கியிருக்கிறது, டாக்டரம்மா கேட்டபோதும் இல்லை என்று தலையை ஆட்டியாயிற்று... என்ன செய்ய, போன வருஷம் லோடு வண்டியோடு திருச்சுழி ரோட்டில் கவிழ்ந்து வீட்டுக்காரர் காளீஸ்வரன் எட்டு நாள் கண் திறக்காமல் கிடந்தாரே, அப்போது நேர்ந்தது. அந்த மனுசர்தான் இப்போது, "சாமி சேவல்னு சொன்னா கம்பெனிக்காரன் கேப்பானா? இன்னைக்கே அறுத்துப் பொதச்சிரு" என்று குதிக்கிறார். ஒங்க உசுருக்குத்தான்யா அது நிக்குது, என்று வாய்வரைக்கும் வந்தது, விழுங்கிக்கொண்டாள். சேவலைக் கொடுக்கவேண்டிய பங்குனிப் பொங்கலுக்கு இன்னும் இருபது நாள். அதற்குள் அறுத்தால் கருப்பன் சும்மா விடுவானா? அறுக்காமல் விட்டு, சீக்கைக் கொண்டுவந்ததே அதுதான் என்றால்? இந்த மூவாயிரமும் போனால் அடுத்த குஞ்சு வராது, அவர் மறுபடி லோடு வண்டி ஓட்டப் போகணும், அதே ரோட்டில். அதனால்தான் ஆறாவது குச்சி சேவல் தொண்டைக்குள் போனது. சாமி சொத்தையே டெஸ்டுக்கு அனுப்பிவிட்டோமே என்று சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

சரி, சேவலுக்குத்தான் எங்கிருந்து வந்திருக்கும்? பஞ்சாரத்தைவிட்டு வெளியே வந்ததே இல்லையே... பத்து நாளைக்கு முன்னால் நரிக்குடியில் தங்கச்சி யுவராணி வீட்டுக்குப் போன அன்றைக்குக்கூட மூடிவைத்துவிட்டுத்தான் போனாள். அங்கே நாட்டுக்கோழிக் குழம்பு. "தூங்கி விழுந்துச்சுக்கா, சீக்கு முத்துறதுக்குள்ள அறுத்துட்டேன்" என்றாள் யுவராணி, ருசியாகத்தான் இருந்தது, இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாள். பஸ் தாமதம், திரும்பி வந்தால் தண்ணீர்க் குழாய் அடைத்துக் கோழிகள் தவித்துப்போய்க் கிடந்தன, பையைக்கூட வைக்காமல் ஓடி... போன் அடித்தது.

"ராணிக்கெட்தாம்மா," என்றார் டாக்டர் அனுசியா. "அஞ்சு குழாய்லயும் இருக்கு. பத்தொம்பது, இருபதுன்னு வந்திருக்கு. எண் சின்னதா இருந்தா கிருமி ஜாஸ்தின்னு அர்த்தம்." ஆறாவது குழாய்? கேட்பதற்குள் டாக்டரம்மாவே சொல்லிவிட்டார்கள். "ஆறாவதுல மட்டும் ஒண்ணுமே இல்ல. சுத்தமா இருக்கு. அந்தக் கோழியைத் தனியா வச்சிருந்தீங்களா?"

சுத்தம். ராஜேஸ்வரிக்குக் கண் நிறைந்துவிட்டது. கருப்பா, உன்மேல் பழி இல்லையப்பா, இன்றைக்கே போய் உனக்கு ஒரு சூடம்... அந்த நிம்மதி ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை, டாக்டரம்மா அடுத்ததைக் கேட்டுவிட்டார்கள்.

"வெளியாள் யாராச்சும், கால் நனைக்காம செட்டுக்குள்ள வந்தாங்களா?"

"யாரும் வரல டாக்டரம்மா." சொல்லும்போதே பார்வை வாசலுக்குப் போனது. கால் நனைத்துவிட்டு நுழைவதற்கென்று வைத்த மருந்துத் தண்ணீர்த் தொட்டி. அன்றைக்கு அவசரத்தில் அதைத் தாண்டித்தான் குதித்தாள். யுவராணி வீட்டுக் கொல்லையில், பிடுங்கிய இறகெல்லாம் மிதிபட்டுக் கிடந்த இடத்தில் நடந்து வந்த அதே நீலச் செருப்போடு. இப்போதும் அதுதான் காலில் இருக்கிறது.

"ஹலோ, இருக்கீங்களாம்மா?"

"இருக்கேன்..." உதறிக் கழற்றப் போன கால் அப்படியே நின்றது. "டாக்டரம்மா, வெளியாள்னா... வீட்டாளும் அதுல சேத்தியா?"