பெட்டியை மூட விடமாட்டன்

பெரியதாழையில் பிளாரன்ஸ் அம்மா இறந்த வீட்டுக்கு நேரலை எடுக்கத்தான் ஜெரால்டு அண்ணன் என்னை அனுப்பினார். அவருடைய ஸ்டுடியோவில் அது எனக்கு முதல் வாரம். மன்னாரிலிருந்து படகில் வந்து, அகதி முகாமில் இருந்துகொண்டே போனிலேயே வீடியோ வேலை பழகியவள் நான். "ஜெனிற்றா, போன இடத்துல சண்டை இழுத்துராத" என்று சொல்லித்தான் அனுப்பினார். அதற்குள் என்னைத் தெரிந்துவைத்திருந்தார் மனுஷன்.

துபாய், மஸ்கட் சொந்தக்காரர்களுக்கெல்லாம் படம் பளிச்சென்று போனது. பார்க்க வேண்டியவனுக்குத்தான் போகவில்லை. ஒரே மகன் இனிகோ நடுக்கடலில் கப்பல் வேலையில் இருந்தான். அங்கே நெட் இழுக்கவில்லை. "அம்மா முகம் தெரியல" என்று என் போனுக்குத் திரும்பத் திரும்பச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தான்.

மாதா கோயிலுக்குத் தூக்கும் நேரம் வந்தது. பிளாரன்ஸ் அம்மாவின் தம்பி ஜேசுபாதம் பெட்டி மூடியைக் கையில் எடுத்தார். மூடிவிட்டால் பிறகு திறக்கமாட்டார்கள். நான் ஓடிப்போய்ப் பெட்டி விளிம்பில் கை வைத்தேன்.

"ஐயா, மூடாதேங்கோ. மகன் இன்னும் பார்க்கேல்லை."

"ஏளா, கையை எடு. சாமியாரு காத்துக்கிட்டு இருக்காரு. கேம்ப்புல இருந்து வந்தவளுக்கு எங்க வீட்டுச் சாவுல என்ன அதிகாரம்?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"ஊரில எங்கட அப்பாவைப் புதைச்சதை நான் கேம்ப்பில இருந்து போன்லதான் பார்த்தன். முகத்தைக் காட்ட முதல் ஆரோ மூடிப்போட்டினம். இண்டைக்கு விடமாட்டன். என்ர விரலோட சேர்த்து மூடுங்கோ!"

"என்ன திமிரு பாரு!" என்று பல்லைக் கடித்தார் ஜேசுபாதம். ஆமாம், திமிர்தான். இருந்துவிட்டுப் போகட்டும்.

துபாய்க்காரர்கள் அப்புறம் பார்க்கட்டும் என்று நேரலையை நிறுத்தினேன். அந்த வீட்டுச் சிக்னல் முழுவதும் இனிகோவுக்கே வேண்டும். வேலை போனால் போகட்டும். என் போனிலிருந்து அவனை வீடியோவில் அழைத்தேன். "அண்ணா, உங்கட பக்கம் கேமராவை நிப்பாட்டுங்கோ. அப்பதான் அம்மா முகம் வரும்" என்றேன். முகாமில் நாங்கள் ஊர்ச் சாவுகளை இப்படித்தான் பார்ப்போம். படத்தின் தரத்தை அடிமட்டத்துக்குக் குறைத்து, கை ஆடாமல் பிடிக்க வேண்டும். அழைப்பு அறுந்தது. மறுபடி அழைத்தேன். மறுபடியும் அறுந்தது. விடுவேனா?

"தெரியுது... எம்மா, தெரியுதும்மா!"

இனிகோவின் குரல் கேட்டதும் வீடே கதறியது. ஜேசுபாதமும் அழுதார். சற்றுப் பொறுத்து, "மருமவனே, நேரமாவுது. மூடட்டா?" என்று போனைப் பார்த்துக் கேட்டார்.

"போனைப் பிடிச்சிருக்க பிள்ளை சொல்லட்டும் மாமா. அப்புறம் மூடுங்க."

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். அவன் அழுது முடிக்கும்வரை "மூடுங்கோ" என்று நான் சொல்லவில்லை.