கருகல் வாடை

நான்காம் மாடியிலிருந்து மூன்றாவது தடவையாக அதே புகார் வந்தபோது கட்டட மேலாளர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். 'ஏதோ கருகுகிற வாடை வருகிறது. தயவுசெய்து பாருங்கள்.' முதல் இரண்டு தடவையும் அவரே போனார். நடைவழியில் நின்று, நாலு பேர் பார்க்க மூச்சை இழுத்துவிட்டு, 'பரிசோதித்தாயிற்று, வாடை எதுவும் இல்லை' என்று பதில் எழுதினார். அவருக்கு இல்லைதான். போன வருஷத்துக் காய்ச்சலோடு வாசனை அறிகிற சக்தியே போய்விட்டது. பக்கத்தில் பால் தீய்ந்தாலும் மனைவி வந்து கத்தினால்தான் தெரியும். அவளைத் தவிர இது யாருக்கும் தெரியாது. ஆறு மாடிக் கட்டடத்தைக் காக்கிறவனுக்கு மூக்கு செத்துப்போச்சு என்று தெரிந்தால் முதலாளி வைத்துக்கொள்வாரா?

அறை வாசலில் புகார் எழுதிய பெண்ணே நின்றிருந்தாள். ஏழு மாதக் கர்ப்பம். லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுக்காமல் படியிறங்கி வந்ததில் மூச்சு வாங்கியது.

"மாசமா இருக்கறவளுக்கு இல்லாத வாடையெல்லாம் வரும்னு ஆபீஸ்ல சிரிக்கிறாங்க சார். நீங்களும் அப்படித்தான் நெனச்சீங்களா?"

"இல்லம்மா."

"அப்ப உங்களுக்கு மட்டும் ஏன் தெரியல?"

ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்து நின்றது. மேலே இருநூறு பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

"எனக்கு மூக்கு வேலை செய்யாதும்மா. நீங்கதான் எடத்தக் காட்டணும்."

கோபப்படுவாள் என்று நினைத்தார். அவள் அவரையே ஒரு கணம் பார்த்துவிட்டு, "வாங்க" என்றாள்.

நான்காம் மாடியில் அவள் முன்னே, அவர் பின்னே. கோப்பு அலமாரிகளைத் தாண்டி, மூலையில் நின்று மேலே கைகாட்டினாள். "இங்கதான். இன்னிக்கு ரொம்ப." ஏணி போட்டு ஏறி, கூரைப் பலகையில் உள்ளங்கையை வைத்தார். இட்டலிச் சட்டி மூடிபோல் சுட்டது.

அதற்குமேல் அவர் யாரையும் கேட்கவில்லை. அவளைக் கீழே அனுப்பினார். லிஃப்டில் ஆளில்லை என்று பார்த்துக்கொண்டு, எலக்ட்ரீஷியனிடம் மெயினை இறக்கச் சொன்னார். கட்டடம் ஒரே நொடியில் அடங்கியது. அடுத்த நொடி கூச்சல். ஆறாம் மாடிக்காரர் போனில், "முக்கியமான மீட்டிங்ல இருக்கேன், அறிவிருக்கா ஒமக்கு?" என்றார். "முதல்ல எறங்குங்க சார். எறங்கிட்டுத் திட்டுங்க."

எலக்ட்ரீஷியன் பலகையைக் கழற்றினான். ஒயரின் தோல் உருகி, பக்கத்து மரச்சட்டம் கரியாகியிருந்தது.

"சாயந்திரம் வரைக்கும் தாங்கியிருக்காது," என்றான். பிறகு தயங்கி, "நீங்க ரெண்டு தடவ பாத்தீங்கல்ல சார்?"

அதற்குள் முதலாளியின் அழைப்பு வந்துவிட்டது. "ரெண்டு தடவயும் ஒண்ணுமில்லன்னு எழுதியிருக்கீங்க. வந்துட்டே இருக்கேன். நேர்ல பேசுவோம்."

படிகள் காலியாகிவிட்டன. இரண்டாம் மாடித் திருப்பத்தில் அந்தப் பெண் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு, வீங்கிய பாதங்களைத் தேய்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"ஒயர் எரிஞ்சிருந்துதா?"

"ஆமாம்மா."

அவள் கண்ணை மூடித் திறந்தாள். "கீழ சொன்னத நான் யார்கிட்டயும் சொல்லல சார். சொல்லவும் மாட்டேன்."

கீழே வாசல் கதவு திறந்தது. இருட்டுப் படிகளில் வெயில் ஒரு துண்டாக விழ, அதற்குள் முதலாளியின் நெடிய நிழல் ஏறத் தொடங்கியது. மேலாளர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, அதை நோக்கி ஒவ்வொரு படியாக இறங்கினார்.