ஐந்தாம் அயர்னில் ஒட்டிய ஈயம்

லார்ன் பட்டுல்லோ கோல்ஃப் ஆட, இரும்புத்தலை மட்டைகளாக ஒரு புது அயர்ன் செட் வாங்கிய செய்தி எனக்கு லார்ன் வாயால் வரவில்லை. பல் டாக்டர் இன்னிஸ் சொல்லித்தான் தெரிந்தது. முதல் எரிச்சல் அங்கேதான் ஆரம்பித்தது.

பதினெட்டு வருஷமாக லார்னும் நானும் ஜோடி. எங்கள் ஊர்க் கடற்கரை கோல்ஃப் மைதானத்தில் ஒவ்வொரு செப்டம்பரும் ஜோடிக் கோப்பை நடக்கும். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பந்து. ஓர் அடி அவன், அடுத்த அடி நான். அவன் பந்தை முட்புதருக்குள் அனுப்பினால் கையைக் கிழித்துக்கொண்டு அதை வெளியே எடுப்பது என் வேலை. நான் மணற்குழியில் போட்டால் அவன் வேலை. இதில் எங்கள் ஊரில் ஒரே ஒரு சட்டம் உண்டு. ஜோடிக்காரனிடம் மன்னிப்புக் கேட்கக் கூடாது. கேட்க ஆரம்பித்தால் பதினெட்டுக் குழி முடிவதற்குள் நாக்கு வறண்டுவிடும். நாங்கள் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கோப்பையும் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை, அது வேறு விஷயம்.

இந்த இன்னிஸ் போன வசந்தத்தில்தான் எடின்பரோவிலிருந்து குடிவந்தார். மெலிந்த மனிதர், எல்லாவற்றுக்கும் நன்றி சொல்லும் ரகம். சனிக்கிழமை எங்களோடு மூன்றாவது ஆளாக ஒட்டிக்கொண்டார். ஜூலைக் கடைசியில் ஒரு நாள் கிளப்பில் ஆட்டுக்கறி பஃப்ஸைக் கடித்துக்கொண்டே, "டூகல், லார்னோட புது அயர்ன் பாத்தீங்களா? நான்தான் பெர்த்துக்குக் கார்ல கூட்டிட்டுப் போனேன். அங்க கட்ரீனான்னு ஒரு அம்மா, வீச்சைப் பாத்தே அளவு சொல்லிடறாங்க," என்றார்.

நாற்பது மைல் போயிருக்கிறான். என் வேனில் ஏறாதவன் டாக்டரின் காரில் ஏறியிருக்கிறான். என் பஃப்ஸைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

மறுநாள் ஏழாம் குழியில் அவன் அடித்ததைப் பார்த்தேன். பந்து உயரே போய், நின்று யோசித்து, குழியைச் சுற்றிய கிரீன் புல் மேல் பூனை மாதிரி இறங்கியது. என் பந்து அப்படிப் போகாது. நான் ஸ்லேட் கல் கூரை போடுகிறவன். முப்பது வருஷம் சுத்தியலைக் குட்டையாக வீசிப் பழகிய கை இது. என் பந்து தரையை ஒட்டி, காற்றுக்கு அடியில் ஓடும். அவன் வீச்சு நெடியது. கைகள் வானத்துக்குப் போய் ஒரு கணம் நின்று இறங்கும். உயரத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே அளவு. வீச்சில் ஏணி வைத்தாலும் எட்டாது.

ஆகஸ்ட் ஒன்றாம் தேதி உடை மாற்றும் அறையில் ஜோடிகளுக்கான தாளை ஒட்டினார்கள். எப்போதும் எங்கள் இரண்டு பெயரையும் நான்தான் எழுதுவேன். அந்த வருஷம் போய்ப் பார்த்தால் முதல் வரிசையிலேயே லார்ன் பெயர், அவன் கையெழுத்தில். பக்கத்தில் காலி இடம்.

அந்தக் காலி இடம் யாருக்கு என்று எனக்கா தெரியாது?

"போய்க் கேளேன்," என்றாள் என் மனைவி ஷீனா. "வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க?"

"நான் எதுக்குக் கேக்கணும்? அவனே வரட்டும்."

"அம்பத்தாறு வயசுல ரெண்டு கிழவனுங்க, பள்ளிக்கூடத்துப் பொண்ணுங்க மாதிரி மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு."

மழை பெய்தால் கூரையில் ஏற முடியாது. அடுத்த மழை நாளில் ஒருவரிடமும் சொல்லாமல் வேனை எடுத்துக்கொண்டு பெர்த்துக்குப் போனேன்.

கட்ரீனா என் வயதுக்காரி. சிரிப்பைச் செலவழிக்காத முகம். தரையில் ஒரு வழவழப்பான பலகை, எதிரே வலை. ஏழாம் அயர்னின் அடிப்பாகத்தில் ஒரு துண்டு டேப்பை ஒட்டிக் கொடுத்தாள். பலகை மேல் வைத்து அடித்தால் மட்டையின் எந்தப் பக்கம் தரையில் உரசுகிறதோ அங்கே டேப்பில் தடம் விழும். அதைப் பார்த்து மட்டையின் கழுத்தை ஆளுக்கேற்ப வளைத்துத் தருவார்கள்.

"ஊர்ல எப்படி அடிப்பீங்களோ அப்படியே அடிங்க. எனக்குக் காட்டுறதுக்காக அடிக்காதீங்க. வர்றவங்க எல்லாரும் அந்தத் தப்பத்தான் பண்றாங்க," என்றாள்.

கிளப்பின் கிறிஸ்துமஸ் விருந்தில் வருஷா வருஷம் லார்ன் மாதிரி அடித்துக் காட்டிச் சிரிக்க வைப்பவன் நான். பத்தடி தள்ளி நின்று பதினெட்டு வருஷம் அவன் முதுகைப் பார்த்திருக்கிறேன். அவன் கைகள் எங்கே நிற்கும், எப்போது மூச்சு விடுவான் என்பது அவனைவிட எனக்குத் தெரியும். ஆகவே, அவனுடையதைப் போன்ற செட்டே வேண்டும் என்று நான் லார்னாக மாறினேன். கைகளை வானத்துக்குக் கொண்டுபோய், ஒரு கணம் நிறுத்தி, இறக்கினேன். பந்து வலையின் மேல்விளிம்பில் போய் மோதியது.

"இன்னொண்ணு," என்றாள். இன்னொன்று, இன்னொன்று என்று நாற்பது பந்து அடிக்க வைத்தாள். அசந்துபோனால் உண்மை வெளியே வந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். இடுப்பு கழன்றுவிடும் போல இருந்தது. பொறாமைக்கு இருக்கிற வலு வேறெதற்கும் இல்லை. நாற்பதாவது பந்தையும் லார்னாகவே அடித்தேன்.

அவள் என் பழைய அயர்ன்களைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எல்லாவற்றிலும் அடிப்பாகத்தில் குதிகால் பக்கமாக, தண்டு சேரும் ஓரத்தில், ஒரு நாணய அளவுக்குத் தேய்ந்திருந்தது. டேப்பில் விழுந்த தடமோ எதிர்ப்பக்கம், மூக்கு நுனியில்.

"இது வேற கதை சொல்லுதே," என்றாள்.

"நான் செகண்ட் ஹேண்டா வாங்கினது. முன்னாடி வச்சிருந்தவன் தேய்ச்சது," என்றேன்.

"அப்படின்னா அவர் ரொம்ப ஒழுங்கா அடிச்சவரு. எல்லாத்துலயும் ஒரே எடத்துல தேஞ்சிருக்கு. இந்த ஈயம்?"

ஐந்தாம் அயர்னின் முதுகில் கூரைக்குப் போடும் ஈயத் தகட்டிலிருந்து ஒரு நகமளவு வெட்டி ஒட்டியிருந்தேன். அந்த ஒன்று மட்டும் கையில் லேசாக இருந்ததால் நானே செய்தது.

"அதுவும் அவன்தான்," என்றேன்.

புதிய செட் செய்து வர மூன்று வாரம் ஆகும், பழைய செட்டை இப்போதே கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வதாகச் சொன்னாள். கொடுத்துவிட்டேன். கதவோரம் இருந்த பீப்பாயில் என் பத்து வருஷத்து அயர்ன்களைத் தலைகீழாகச் செருகினாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. மனம் முழுக்கப் புது அயர்ன்களோடு இறங்கப்போகிற சனிக்கிழமையில் இருந்தது. லார்ன் வாயைப் பிளக்கப் போகிறான், டாக்டரை உதறிவிட்டு ஓடி வரப் போகிறான் என்று கணக்குப் போட்டுக்கொண்டே வேனை ஓட்டினேன்.

வேலை என்று சாக்குச் சொல்லி ஆடாமலே மூன்று வாரம் அந்தத் தாளைக் கடந்து நடந்தேன். காலி இடம் காலியாகவே இருந்தது. லார்னும் வாயைத் திறக்கவில்லை. ஆகஸ்ட் கடைசி வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குத் தாளை எடுத்துவிடுவார்கள். அன்று பகலில்தான் என் புது அயர்ன்கள் வந்து சேர்ந்தன. அவற்றைச் சமையலறை மேஜையில் பரப்பிவைத்துக்கொண்டு, டெலிபோன் பக்கத்தில் ஆறு மணி வரை உட்கார்ந்திருந்தேன். அது அடிக்கவில்லை.

சனிக்கிழமை காலை கிளப் அறிவிப்புப் பலகையில் ஜோடிப் பட்டியலைப் பார்த்தேன். லார்ன் பெயருக்குப் பக்கத்தில், மருந்துச் சீட்டில் கிறுக்குவதுபோல, இன்னிஸ்.

சரி, இழந்தது என்ன என்று அவன் பார்க்கட்டும் என்று புது அயர்ன்களோடு இறங்கினேன். முதல் மூன்று குழி லார்னாகவே ஆடினேன். பந்து உயரே போய் அழகாக இறங்கியது. "அடேயப்பா," என்றார் டாக்டர். லார்ன் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நாலாம் குழி கடலோரமாகத் திரும்பும். காற்று முகத்தில் அறைந்தது. அந்தக் காற்றில் என் உடம்பு என்னைக் கேட்காமல் தன் பழைய வேலையைச் செய்தது. குட்டையாக, வேகமாக, சுத்தியல் வீச்சு. அயர்னின் குதிகால் புல்லில் குத்தியது. பந்து இடது பக்கம் புதருக்குள் போனது. அடுத்ததும் இடது. அதற்கு அடுத்தது ஒரு முயலைக் கிளப்பிவிட்டது. மறுபடி லார்னாக மாறப் பார்த்தேன், முடியவில்லை. நாற்பது பந்து தாங்கும் பொய் நாள் பூராவும் தாங்காது.

ஏழாம் குழியில் லார்ன் என் பையிலிருந்து ஏழாம் அயர்னை உருவினான். அனுமதி கேட்கவில்லை. ஒரே அடி. பந்து பூனை மாதிரி இறங்கியது.

"இது எனக்கு அளவெடுத்த அயர்ன்டா," என்றான் மெதுவாக. "அந்தம்மா முன்னாடி கிறிஸ்துமஸ் கூத்து ஆடினியா?"

நான் அயர்னை வாங்கிப் பையில் செருகினேன். அந்த நேரம் பார்த்து டாக்டர் தன் பந்தை அடித்தார். டக்கென்று ஒரு சத்தம். என் காதுக்கு அது வீட்டுக் கதவுச் சத்தம் மாதிரி. பந்து தரையை ஒட்டி, காற்றுக்கு அடியில் ஓடிப் போய்க் கொடிக்கம்பத்தின் காலடியில் நின்றது.

"பெர்த்ல பீப்பாய்ல கெடந்துச்சு, போன வாரம் எடுத்தேன்," என்று அயர்னை நீட்டினார் டாக்டர். "எனக்கும் குட்டை வீச்சுதானே. அளவெடுத்த மாதிரி இருக்கு. பாருங்க, யாரோ ஈயம்கூட ஒட்டியிருக்காங்க."

லார்ன் அந்த ஈயத்தைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். டாக்டர் முன்னால் நடந்து போகும்வரை காத்திருந்தான்.

"காலி எடம் உனக்குடா, மடையா. வருஷா வருஷம் நீயே எழுதறியே, இந்தத் தடவை நான் முந்திக்கிட்டு எழுதுவோம், நீ வந்து கையெழுத்துப் போடுவேன்னு நெனச்சேன். மூணு வாரம் அதைத் தாண்டித் தாண்டிப் போன."

"நீ கேட்டிருக்கலாமே."

"கேக்கத்தான் இருந்தேன். எங்க பஸ் டிப்போல என்கூட வேலை பாக்கறவன் உன் வேனைப் பெர்த்துல பாத்தேன்னான், ஏணியோட. எங்கிட்ட மறைச்சுப் புது செட்டு வாங்கறான்னா புது ஜோடியும் பாத்துட்டான்னு நெனச்சேன்."

"நீ மட்டும் எங்கிட்ட சொல்லிட்டா வாங்கின?"

"கோப்பை நேரத்துல உனக்குக் காட்டி அசத்தலாம்னு இருந்தேன். நீ தாழ அடிப்ப. நான் உயர அடிச்சா, எந்தக் காத்தா இருந்தாலும் நம்மகிட்ட ஒரு அடி இருக்கும். இந்த வருஷம் ஜெயிக்கலாம்னு பாத்தேன்." கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டினான். "நேத்து அஞ்சே முக்காலுக்கு டாக்டர் வந்து கேட்டாரு. நான் என்ன பண்ண? மன்னிச்சுக்கடா."

பதினெட்டு வருஷத்தில் அவன் என்னிடம் கேட்ட முதல் மன்னிப்பு. ஜோடிக்காரனிடம் கேட்கக் கூடாதது. அவன் வாயிலிருந்து அது வந்த பிறகுதான் நான் இனி அவன் ஜோடி இல்லை என்பது எனக்கு உறைத்தது.

செப்டம்பரில் அவர்கள் இறுதி ஆட்டத்துக்குப் போனார்கள். போகாமல் என்ன செய்வார்கள்? அவன் உயரமும் என் தாழ்வும் ஒரே பக்கத்தில் இருந்தன. நான் மட்டும்தான் வெளியே இருந்தேன். ஒவ்வொரு ஆட்டத்தையும் வேலியோரம் நின்று பார்த்தேன். என் ஐந்தாம் அயர்ன் இன்னொருவன் கையில் சத்தம் போடும்போதெல்லாம் என் கை தானாக இறுகியது. லார்னைப் பார்த்து வந்த பொறாமை போதாதென்று, இப்போது என் இரும்பைப் பார்த்தே பொறாமைப்பட்டேன்.

இறுதி ஆட்டத்துக்கு முந்தின நாள் மத்தியானம் டாக்டர் என் பட்டறைக்கு வந்தார், ஐந்தாம் அயர்னோடு.

"தப்பா நெனச்சுக்காதீங்க டூகல். பல் புடுங்கற சாமானைக் கழுவற பழக்கத்துல இதையும் கொதிதண்ணில போட்டுட்டேன். ஈயம் கழண்டுடுச்சு. எங்க ஒட்டறதுன்னு தெரியல. உங்க தொழில்ல ஈயம் பழக்கமாச்சேன்னு வந்தேன்."

வாங்கிக்கொண்டேன். உள்ளங்கையில் அது பழையபடியே உட்கார்ந்தது. விரலளவு மூக்குப் பக்கம் தள்ளி ஒட்டினால் போதும், நாளைக்கு இவர் பந்து வலது பக்கம் கடலைப் பார்க்கும். எவனுக்கும் தெரியாது. பசையைத் தடவி, தகட்டை அங்கேதான் முதலில் வைத்தேன். பொய் சொல்லவில்லை, அங்கேதான் வைத்தேன்.

நாளை இவர் கடல் பக்கம் அடித்தால், ஈரமணலில் இறங்கி அந்தப் பந்தை எடுக்க வேண்டியவன் லார்ன்.

தகட்டை உரித்து, பழைய இடத்தில், கண்ணை மூடிக்கொண்டாலும் தெரிந்த அந்த இடத்தில், வைத்து அழுத்தினேன். சரி பார்க்கிறேன் என்று சொல்லிப் பின்கட்டுப் புல்லில் பந்தில்லாமல் மூன்று தடவை வீசினேன். மூன்றும் என் வீச்சுதான். பிறகு திருப்பிக் கொடுத்தேன்.

டாக்டர் தன் வழக்கப்படி இரண்டு தடவை நன்றி சொன்னார். வாசல் வரை போனவர் அயர்னைத் தூக்கிப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"இவ்வளவு நல்ல சாமானைப் பீப்பாய்ல போட்டுட்டுப் போனவன் யாரோ, பாவம்."

"பாவமெல்லாம் இல்ல டாக்டர்," என்றேன். "வேணும் அவனுக்கு."