கரிக்கோடு

பதினேழே கால் ரூபாய் பாக்கியை வைத்துக்கொண்டு ஒரு வாய்கூடச் சாப்பிட மாட்டேன் என்று ராஜாங்கம் உதட்டை இறுக்கிக்கொண்டார். கரண்டிக் கஞ்சி தாடையில் வழிந்து கழுத்துக்கு இறங்கியது. அஞ்சலாட்சி முந்தானையால் ஒற்றி எடுத்தாள்.

"சம்பளம் போட்டதும் குடு தம்பி. நான் எங்க ஓடியா போறேன்? சாப்புடு."

கட்டின புருஷனைத் தம்பி என்று கூப்பிட ஆரம்பத்தில் அவளுக்கு நாக்குக் கூசியது. பிறகு பழகிப்போயிற்று. அவருக்கு எல்லாம் மறந்துவிட்டது. மில்லில் தறி ஓட்டியது, பெற்ற மகன், நெல்லித்தோப்பில் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி எழுப்பிய இந்த வீடு, எல்லாம் போய், மில் கேட்டுக்கு எதிரே அவள் அம்மா ஆயம்மா நடத்திய சோற்றுக்கடை மட்டும் மிஞ்சியிருந்தது. அவருக்கு இந்த வீடுதான் அந்தக் கடை. அஞ்சலாட்சிதான் ஆயம்மா. ஸ்டிரைக் நடந்த மாதங்களில் கூலியில்லாமல் அங்கே தின்ற சோற்றுக்குத்தான் பதினேழே கால். பிற்பாடு மருமகனாகவே வந்துவிட்ட ஆளிடம் ஆயம்மா அதைக் கேட்கவுமில்லை, அவர் கொடுக்கவுமில்லை.

ஆயம்மா பாக்கியைச் சுவரில் கரிக்கோடாக இழுத்து வைப்பாள். அந்தக் கோடுகளைக் காணோமென்று இவர் சுவரைத் தடவித் தடவி அழுததைப் பொறுக்காமல், ஒருநாள் அஞ்சலாட்சி அடுப்புக்கரியால் கட்டிலுக்கு மேலே பதினேழு கோடும் காலுக்கு ஒரு குட்டைக் கோடும் இழுத்தாள். அன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டார். சாப்பிட்டவர் உள்பக்கம் எட்டிப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

"தண்ணி கொண்டாந்து வைக்குமே அந்தப் பொண்ணு, எங்க ஆயம்மா?"

அதிலிருந்து தினமும் அதே கேள்வி. "வரும், வரும்" என்று உள்ளே போய் அவளே சொம்போடு வருவாள். அவர் தண்ணீரை வாங்கிக்கொண்டு, அவளைத் தாண்டி வாசற்படியைப் பார்ப்பார்.

பெரிய மார்க்கெட்டில் மீன் விற்றுத் திரும்பிய பக்கத்து வீட்டு ரஞ்சிதம் கூடையைக் கவிழ்த்துவிட்டு உள்ளே வந்தாள். மத்தியானத்தில் கொஞ்ச நேரம் அஞ்சலாட்சி கண்ணசர அவள்தான் வந்து உட்காருவாள்.

"இன்னாக்கா, இன்னிக்கும் உண்ணாவிரதமா? மாமா, எனக்கு இருவது ரூபா பாக்கி. நான் வெக்கமில்லாம திங்கல?"

வழக்கமாக இதற்குச் சிரிப்பார். இன்றைக்குச் சிரிக்கவில்லை. நெஞ்சு ஏறி ஏறி இறங்க, கட்டில் சட்டத்தைப் பிடித்து எழப் பார்த்தார். "பாக்கிய வெச்சிக்கினு எப்பிடிப் போறது... எப்பிடிப் போறது..."

ரஞ்சிதம் அவர் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள். சில்லிட்டிருந்தது.

"அக்கா, பாக்கியத் தள்ளிடேன். நீதான கடக்காரி. பாவம், எதுக்குப் போட்டு இப்பிடி இழுக்கணும்?"

"தள்ளிட்டா அப்பறம் இந்தக் கடைக்கு எதுக்குடி வருவாரு?" என்றாள் அஞ்சலாட்சி. "அந்தப் பொண்ணு எங்கன்னு யாரு கேப்பாங்க?"

ரஞ்சிதம் அவர் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

வெகுநேரம் கழித்து அஞ்சலாட்சி முந்தானையைச் சொம்புத் தண்ணீரில் நனைத்தாள். கட்டில் விளிம்பில் முட்டி போட்டு ஒவ்வொரு கோடாக அழித்தாள். குட்டைக் கோட்டைக் கடைசியில் அழித்தாள்.

"பாத்துக்க தம்பி. ஆயம்மா தள்ளிட்டா. கணக்கு தீந்துபோச்சி."

அவர் சுவரையே பார்த்தார். தாடை தளர்ந்தது. நீட்டிய கரண்டிக்கு வாய் திறந்து, மெல்ல விழுங்கினார். அவள் காத்திருந்தாள். அவர் உள்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். அவ்வளவுதான் என்று அவள் கஞ்சிக் கிண்ணத்தை எடுத்தபோது முந்தானை இழுபட்டது.

"அப்ப... பொண்ணு கேட்டு வரலாமா? பாக்கிய வெச்சிக்கினு எந்த மூஞ்சியோட கேக்கறதுன்னு இருந்தேன்."

"வா தம்பி. தட்டோட வா."

"அது ஒத்துக்குமா?"

"ஒத்துக்கும்" என்றாள் அஞ்சலாட்சி. "எப்பவோ ஒத்துக்கிச்சி."

ரஞ்சிதம் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "நீ செத்த படுக்கா. நான் இருக்கேன்."

கரி படிந்த கையைக்கூடக் கழுவாமல் அஞ்சலாட்சி பாயில் சாய்ந்தாள். அடித்துப்போட்ட மாதிரித் தூக்கம். ரஞ்சிதம் தோளைத் தொட்டு எழுப்பினாள். கட்டிலில் அவர் நெஞ்சு ஏறி இறங்கவில்லை.

அரியாங்குப்பத்திலிருந்து மகன் பலராமன் வந்து சேர்ந்து, குளிப்பாட்டி, பாடையில் கிடத்தியபோது வெயில் தாழ்ந்திருந்தது. வாய்க்கரிசிக்கு அவளை அழைத்தார்கள். அரிசியை அள்ளப் போன கையைப் பலராமன் பிடித்துக்கொண்டான்.

"கையெல்லாம் கரியா கீதும்மா. கழுவிட்டு வா."

ரஞ்சிதம் அவன் கையை விலக்கிவிட்டாள்.

அஞ்சலாட்சி குனிந்து போட்டாள். அவர் உதட்டில் விழுந்த அரிசியில் இரண்டொன்று கறுப்பாக இருந்தது.